கத்தியின் வாயும் நம் வாயும்

துறைச் சிறப்பு மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழு மாணவர்கள் வந்து கேட்டபோது, சீறாப்புராணத்தின் உவமை நயம் பற்றியோ குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்கள் பற்றியோ நாம் எழுதித் தருவோம் என்று அவர்கள் எண்ணியிருக்கக் கூடும். பல ஆண்டுகளாக அவ்வாறுதான் எழுதி வந்துள்ளோம். இம்முறை சவரக்கத்தியைப் பற்றி எழுதப் போகிறோம் என்றதும் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அந்தச் சிரிப்புக்குப் பின்னர் வருவோம்.

ஒரு கத்தி கன்னத்தில் பட்டதே தெரியாமல் வழுக்கிச் செல்கிறது. மற்றொரு கத்தி மயிரைப் பற்றி இழுத்துக் கண்ணில் நீர் வரச் செய்கிறது. சில நேரங்களில் இவ்விரண்டும் ஒரே கத்தியாகவும் இருந்துவிடுகின்றன. ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடி நாம் நூலகம் சென்றோமில்லை. விடை நம் வீட்டுத் திண்ணைக்கே நடந்து வந்தது. அதனைச் சொன்ன பெரியவர்க்கும் அவர் குடும்பத்தார்க்கும் நாம் பட்ட கடன் ஒன்று நெடுங்காலமாகத் தீராமல் கிடக்கிறது. இக்கட்டுரை அக்கடனைக் குறித்ததே.

திண்ணையும் படியும்

நம் ஊர் இராமநாதபுரம் கடற்கரையோரத்துச் சிற்றூர். வீட்டுக்கு ஒருவர் கடல் கடந்து பிழைத்த ஊர். நம் வாப்பா பினாங்கில் பலசரக்குக் கடையொன்றில் கணக்கு எழுதியவர். 1987இல் அவர் ஊரோடு திரும்பியபோது கொண்டுவந்த பெட்டியில் சேலைகளும் தைலப் புட்டிகளும் பீங்கான் கோப்பைகளும் இருந்தன. அவற்றுக்கு அடியில், அட்டைப் பெட்டிக்குள், சோலிங்கன் முத்திரை பொறித்த மடக்குச் சவரக்கத்தி ஒன்று இருந்தது. செருமனி நாட்டின் சோலிங்கன் நகரம் கத்திகளுக்கே பெயர் பெற்றது. அந்நகரத்தில் செய்யப்படாத கத்தியில் அப்பெயரைப் பொறிக்கலாகாது என்று 1938இல் சட்டமே இயற்றி அப்பெயரைக் காத்தனர். இச்செய்தியை நாம் அறிந்தது பிற்காலத்தில். அன்று நாம் கண்டது, வாப்பா அக்கத்தியைத் தாம் வைத்துக்கொள்ளாமல் ஒஸ்தாவின் கையில் கொடுத்து, "பார்த்துச் சொல்லு" என்றதை மட்டுமே.

சவரத் தொழில் செய்யும் முஸ்லிம் பெரியவரை எங்கள் பக்கத்தில் ஒஸ்தா என்பர். வேறு சில ஊர்களில் ஒசா என்பர். வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆவுக்கு முன், காலை எட்டு மணியளவில் அவர் நம் வீட்டுக்கு வருவார். அக்குளில் அடைப்பம் என்னும் தோற்பை. அதனுள் கத்திகள் இரண்டு, கத்தரி ஒன்று, நடுவில் தேய்ந்து பள்ளம் விழாதபடி காக்கப்பட்ட தீட்டுகல், தோல் வார், பித்தளைக் கிண்ணி, படிகாரக் கட்டி, கைக்கண்ணாடி. நம் வாப்பா தாடி வைத்திருந்தவர். கன்னங்களின் மேற்புறமும் தொண்டையும் வாராவாரம் ஒதுக்கப்படும். நம் பாட்டனார்க்குத் தலை முழுவதும் மழிக்கப்படும். குழந்தை பிறந்த ஏழாம் நாள் முடி களைவதற்கும், சிறுவர்க்குச் சுன்னத்துச் செய்வதற்கும், மாப்பிள்ளைக்கு முகம் திருத்துவதற்கும் அவரே வரவேண்டும். நம் தலையில் முதன்முதற் பட்ட கத்தியும் அவருடையதே.

சவரம் முடிந்ததும் உம்மா உள்ளிருந்து தேநீர் அனுப்புவார். ஒஸ்தா அதனைத் திண்ணையின் கீழ்ப்படியில் அமர்ந்து குடிப்பார். அவரை யாரும் கீழே அமரச் சொன்னதில்லை. மேலே அமரச் சொன்னதும் இல்லை. பள்ளிவாசலில் அவர் வாப்பாவின் தோளோடு தோள் சேர்ந்து நின்று தொழுவார். பள்ளியின் படி இறங்கியதும் அந்தத் தோள்களுக்கு இடையே ஒரு முழம் விழுந்துவிடும். நாமோ அப்போது ஆறு வயதுச் சிறுவர். நம் பாட்டனாரினும் சில ஆண்டுகளே இளையவரான அவரை, "வா ஒஸ்தா", "இரு ஒஸ்தா" என்று ஒருமையில் அழைப்போம். அது தவறென்று வீட்டில் எவரும் நம்மைக் கண்டித்ததில்லை.

பின்னர்க் காலம் மாறியது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதல் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அதன்பின் வந்த ஆண்டுகளில் ஒருவருக்குப் பயன்படுத்திய கத்தியை மற்றொருவருக்குப் பயன்படுத்தலாகாது என்ற விழிப்பு நாடெங்கும் பரவியது. அது தேவையான விழிப்பே. சவரக் கடைகளில் பழைய கத்தியின் இடத்தில், ஆளுக்கு ஒரு புதிய அரைப் பிளேடு மாட்டும் கத்தி வந்தது. கில்லெட் என்னும் அமெரிக்கர் 1904இல் காப்புரிமை பெற்ற பாதுகாப்புச் சவரக் கருவியின் வழித்தோன்றல்கள் வீடு தோறும் நுழைந்தன. வாப்பாவும் தாமே சவரம் செய்துகொள்ளப் பழகினார். ஒஸ்தா வெள்ளிக்கிழமைகளில் வருவது நின்றது. சோலிங்கன் கத்தி அட்டைப் பெட்டியோடு அலமாரிக்குள் சென்றது. நாமும் விடுதியிற் சேர்ந்து, இளங்கலை, முதுகலை, ஆய்வியல் நிறைஞர் என்று ஊரை விட்டு விலகிப் போனோம்.

வகுப்பறையில் ஒரு சொல்

2008இல் நாம் விரிவுரையாளராகப் பணியேற்றோம். இளம் வயது. கண்டிப்பே ஆசிரியர்க்கு அழகு என்று எண்ணிய பருவம். ஒரு நாள் முதலாண்டு வகுப்பில் மாணவர் ஒருவர் பயிற்சிக் கட்டுரையை எழுதி வரவில்லை. மூன்றாம் முறை அது. நமக்குச் சினம் மூண்டது. "படிக்காமல் எதற்குக் கல்லூரிக்கு வந்தாய்? சிரைக்கவா?" என்றோம்.

வகுப்பு சிரித்தது. அம்மாணவர் சிரிக்கவில்லை, எதிர்மொழி சொல்லவுமில்லை. நாம் அமரச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்தார். அன்று நாம் நடத்திக்கொண்டிருந்தது திருக்குறள். அதிகாரம் கூடாவொழுக்கம். புறத்தே தலையை மழிப்பதாலும் சடையை வளர்ப்பதாலும் ஒருவர் தூயவராவதில்லை என்று வள்ளுவப் பெருந்தகை அவ்வதிகாரத்தை முடிக்கும் இடத்தை விளக்க உரையோடு நடத்திவிட்டு, மனநிறைவோடு ஆசிரியர் அறைக்குத் திரும்பினோம்.

சிரைத்தல் பழந்தமிழ்ச் சொல். சவரம் வடமொழி வழியே வந்தது. இரண்டும் ஒரே தொழிலைத்தான் குறிக்கின்றன. ஆயினும் தமிழ்ச் சொல் மட்டும் எப்படியோ வசைக்குள் புகுந்துகொண்டது. உழுதலை யாரும் வசையாக்கவில்லை, நெய்தலையும் ஆக்கவில்லை. ஏழாம் நாட் குழந்தையின் உச்சிக் குழியின்மேல் நடுங்காமல் கத்தி பிடிக்கும் தொழிலை ஆக்கினோம். மொழியைக் கற்பிக்கும் நாமே அதனை வாயில் வைத்திருந்தோம்.

வெந்த கத்தி

2009ஆம் ஆண்டு வாப்பாவைப் பக்கவாதம் தாக்கியது. வலப்பக்கம் முழுதும் செயலிழந்தது. பேச்சுக் குழறியது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய இரண்டாம் வாரம், கன்னத்தைத் தடவிக் காட்டி, பிறகு அலமாரியைக் காட்டினார். உம்மாவுக்குத்தான் முதலில் விளங்கியது. அந்தப் பினாங்குக் கத்தியைக் கேட்கிறார் என்றார்.

கத்தியைத் திறந்து பார்த்தோம். ஓரத்தில் துருப் புள்ளிகள். தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தோம். அவர் சக்கரத்தைச் சுழற்றிப் பொறி பறக்கத் தீட்டித் தந்தார். நகத்தில் வைத்துப் பார்த்தோம், கூராகத்தான் இருந்தது. வாப்பாவை நாற்காலியிற் சாய்த்து, சோப்பைத் தடவி, கத்தியை வைத்தோம். முதல் இழுப்பிலேயே வாப்பாவின் கண்கள் இறுகின. இரண்டாம் இழுப்பில், தளர்ந்து தொங்கிய வலக்கன்னத்தில் ஒரு கோடு சிவந்தது. செயலற்ற பக்கமாதலின் அவருக்கு வலி எவ்வளவு தெரிந்ததோ, நாம் அறியோம். நம் கைதான் நடுங்கியது. உம்மா கத்தியை வாங்கி வைத்துவிட்டு, "ஒஸ்தாவுக்கு ஆள் அனுப்பு" என்றார்.

மறுநாட் காலை ஒஸ்தா வந்தார். வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. பார்வை குறைந்திருந்தமையால் மகள் வயிற்றுப் பேரன் முழங்கையைப் பிடித்து அழைத்து வந்தார். எங்கள் பக்கத்தில் பாட்டனாரை அப்பா என்பர். "அப்பா, படி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்த அப்பேரனை நாம் கண்டோம். நம் வகுப்பில் நின்றுகொண்டே இருந்த அதே மாணவர். தந்தை வழி ஊரில் வளர்ந்தமையால் அவர் இன்னார் என்று நமக்குத் தெரிந்திருக்கவில்லை. அவருக்கு நாம் இன்னார் என்பது முன்பே தெரிந்திருந்தது. "ஐயா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஒஸ்தா கற்பித்தவை

ஒஸ்தா முதலில் சோலிங்கன் கத்தியை வாங்கிச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கண்ணினும் கட்டைவிரலையே அவர் அதிகம் நம்பினார். விளிம்பின் குறுக்கே விரலை இலேசாக வருடிவிட்டு, "கத்தி வெந்து போச்சு தம்பி" என்றார். அன்று வாப்பாவுக்குத் தம் பழைய கத்தியால் சவரம் செய்துவிட்டு, இக்கத்தியை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அந்த வாரம் முழுதும் மாலைதோறும் நாம் அவர் வீட்டு முற்றத்தில் இருந்தோம். அங்கே கேட்டவற்றையும் பிற்பாடு படித்தறிந்தவற்றையும் சேர்த்து இங்கே தொகுத்துரைக்கிறோம்.

முதலாவது, எஃகு. கத்தியின் முத்திரையைக் கண்டு மயங்கலாகாது என்பது ஒஸ்தாவின் கருத்து. அவருடைய கத்தியில் எப்பெயரும் எஞ்சியிருக்கவில்லை. எஃகு கூரைத் தாங்குமளவு கடினமாக இருக்க வேண்டும். உதிருமளவு நொறுங்குவதாக இருக்கலாகாது. இந்நடுநிலையைத் தருவது உலையின் சூடும் அதன்பின் குளிர்விக்கும் பக்குவமும். சாணைக்காரரின் சக்கரம் அந்தப் பக்குவத்தையே அழித்துவிட்டது. சவரக்கத்தியின் ஓரம் மிக மெல்லியது. வேகமாகச் சுழலும் கல்லில் பட்டால் நொடியில் காய்ந்து, ஊட்டிய உறுதி இறங்கிவிடும். அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் கூர் நில்லாது. வெந்த பகுதியைத் தேய்த்து அகற்றி, உள்ளிருக்கும் நல்ல எஃகை அடைந்தாக வேண்டும். ஒஸ்தா ஆறு நாள் செய்தது அவ்வேலையே.

எஃகைப் பற்றித் தமிழர் பெருமைப்பட இடமுண்டு. ஈரோடு மாவட்டக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் இரும்பும் எஃகும் ஆக்கிய உலைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. தென்னாட்டு எஃகை ஐரோப்பியர் வூட்ஸ் என்றனர். உருக்கு என்பதன் உறவாகிய உக்கு என்னும் கன்னடச் சொல்லின் திரிபே அது என்பர் அறிஞர். மின்னியல் மேதை மைக்கேல் பாரடே தம் இளமையில், கத்தி செய்வதில் வல்லவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பாருடன் சேர்ந்து அந்த எஃகின் நுட்பத்தை ஆராய்ந்து 1820இல் கட்டுரை வெளியிட்டார். ஒஸ்தாவிடம் இதனைச் சொன்னபோது, "அப்ப அந்தத் தொரைக்கும் சவரம் சரியா அமையல போல" என்று சிரித்தார்.

இரண்டாவது, வாய். கத்தியின் கூரான விளிம்பைத் தமிழில் வாய் என்கிறோம். நன்கு தீட்டிய சவரக்கத்தியின் வாய் ஒரு மைக்ரானினும் மெல்லியது. மனித மயிரோ பெரும்பாலும் 50 முதல் 100 மைக்ரான் வரை தடிப்புடையது. சாணைச் சக்கரத்திற் பட்ட கத்தியைப் பெரிதாக்கிப் பார்த்தால் வாள்பல்லைப் போலக் கரடு முரடாக இருக்கும். காய் நறுக்க அது போதும். கன்னத்தில் அப்பற்கள் ஒவ்வொன்றும் மயிரைப் பற்றி இழுக்கும். அதைத்தான் நாம் கூர் என்று எண்ணி ஏமாந்தோம்.

ஒஸ்தா கல்லில் நீர் தெளித்து, கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியும்படி கிடத்துவார். முதுகைத் தூக்கலாகாது. முதுகின் தடிப்பே வாயின் சாய்வை அளந்து கொடுக்கும் அளவுகோல். வாய் முன்னே செல்லுமாறு மெல்லத் தள்ளுவார். முனை வந்ததும் முதுகின்மேல் புரட்டி மறுபக்கம் இழுப்பார். விரலின் கனத்துக்கு மேல் கல்லில் அழுத்தம் விழாது. முதலில் சற்றே சொரசொரப்பான கல், பின்னர் கண்ணாடிபோன்ற நுண்கல். அளவுக்கு மீறித் தீட்டினாலும் கெடுதியே. விளிம்பு படலம்போல் மெலிந்து, மயிர் பட்டதும் மடியும்.

கல்லுக்குப் பின் வார். இங்கே திசை மாறும். கல்லில் வாய் முன்னே சென்றது. தோல் வாரில் முதுகு முன்னே செல்லும், வாய் பின்தொடரும். மறந்து மாற்றி இழுத்தால் வார் அறுபடும். கண்ணுக்குத் தெரியாத பிசிர்களை நீக்கி, வளைந்த விளிம்பை நேராக்குவது வார். ஒவ்வொரு சவரத்துக்கும் முன் இருபது முப்பது முறையாவது இழுக்க வேண்டும். கடைசியில் ஒஸ்தா உள்ளங்கையிலும் நான்கு முறை புரட்டித் தடவுவார். பிறகு தம் முன்கை மயிர் ஒன்றின்மேல் கத்தியை ஓட்டுவார். மயிர் வளையாமல் துண்டானால் கத்தி ஆயத்தம்.

எஃகைவிட மென்மையான மயிர் எப்படிக் கத்தியை மழுக்குகிறது என்று நாம் அன்று கேட்டோம். "அதான் எனக்கும் தெரியலை, ஆனா மழுக்குது" என்றார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2020இல் இதற்கு விடை கண்டு 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். மயிர் எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. இருந்தும், கத்தி படும்போது மயிர் சாய்ந்து வளையுமானால், எஃகின் உட்கட்டமைப்பு சீராக இல்லாத இடங்களில் ஒரே மயிர்கூட விளிம்பைச் சில்லாகப் பெயர்த்துவிடும் என்று நுண்ணோக்கியில் கண்டனர். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது வீண்மொழியன்று. இச்செய்தியைக் கேட்டு மகிழ ஒஸ்தா அப்போது உயிரோடில்லை.

மூன்றாவது, மயிரை இணக்குதல். உலர்ந்த முகமயிர் கம்பி போன்றது. நீரை உறிஞ்சினால் பருத்து மென்மையடையும். அறுப்பதற்கு வேண்டிய விசை வெகுவாகக் குறையும். மயிரின்மேல் எண்ணெய்ப் பசை இருந்தால் நீர் உட்புகாது. ஆதலால் முதலில் கழுவ வேண்டும். பிறகு வெந்நீரில் நனைத்த துணியை இரண்டு மூன்று நிமிடம் ஒற்றி வைக்க வேண்டும். அதன்பின் நுரை. நுரை அழகுக்கன்று. நீரை மயிரோடு பிடித்து வைப்பதும் கத்திக்கு வழுக்குத் தருவதும் அதன் வேலை. நாம் சோப்பைத் தடவிய மறுநொடியே கத்தியை வைத்தோம். ஒஸ்தா நுரை பூசிவிட்டு வாப்பாவிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். கதை முடிவதற்குள் மயிர் இணங்கியிருந்தது. சிறு வயதில் அதனை வெட்டிப் பேச்சு என்று எண்ணியிருந்தோம்.

நான்காவது, கை. கத்தியின் முதுகுக்கும் கன்னத்துக்கும் நடுவே முதுகின் தடிப்பைப்போல் இரு மடங்கு இடைவெளி இருக்க வேண்டும். அது சுமார் 30 பாகைச் சாய்வு. அதற்கு மேல் நிமிர்த்தினால் தோலைச் சுரண்டும். படுக்க வைத்தால் மயிரை இழுக்கும். விளிம்பின் நீளவாக்கில் கத்தி ஒரு நூல்கூட நகரக் கூடாது, நகர்ந்தால் அறுக்கும். கத்தி பிடித்த கையினும் மற்றக் கைக்கே வேலை அதிகம். அது தோலை இழுத்துச் சமமாக்கிக் கொடுக்க வேண்டும். வாப்பாவின் வலக்கன்னம் தன் உறுதியை இழந்து தொங்கியது. இழுத்துப் பிடியாத தோல் கத்திக்கு முன்னே அலைபோல் எழும். அந்த அலையைத்தான் நாம் அறுத்தோம். ஒஸ்தா காதோரத்தில் இரு விரலை வைத்து மேனோக்கி இழுத்தார். செயலற்ற கன்னம் ஒரு நொடி பழைய கன்னமாயிற்று. வாப்பாவின் முகம் நோய்க்கு முன்பிருந்த முகமாகத் தெரிந்தது. உம்மா உள்ளே போய்விட்டார்.

ஐந்தாவது, நிறுத்தும் இடம் அறிதல். மயிர் படிந்த திசையிலேயே முதலில் இழுக்க வேண்டும். மீண்டும் நுரை பூசிக் குறுக்கே இழுக்கலாம். எதிர்த்திசையில் இழுத்தால் தொட்டுப் பார்க்க மழமழவென்றிருக்கும். சுருள்மயிர் உடையவர்க்கு அதுவே தீங்காகும். தோலுக்குக் கீழே ஒடுங்கிய மயிர் வெளியே வர வழியின்றி உள்ளேயே வளைந்து கட்டியாகும். வாப்பாவின் தொண்டையில் இடப்பக்க மயிர் மேனோக்கியும் வலப்பக்க மயிர் கீழ்நோக்கியும் படிந்திருந்ததை, இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒஸ்தாவின் விரல்கள் மறக்கவில்லை. "இன்னொரு தடவை இழுத்தா பளபளன்னு இருக்கும் தம்பி. ஆனா நாளைக்கு எரியும். நாளைக்கு நான் இருக்க மாட்டேன், தோல் இருக்கும்" என்றார். இறுதியில் குளிர்ந்த நீரால் கழுவி, படிகாரத்தை ஒருமுறை தடவினார். அது தோலைச் சுருக்கி, கண்ணுக்குத் தெரியாத கீறல்களை அடைக்கும்.

ஏழாம் நாள் ஒஸ்தா அதே சோலிங்கன் கத்தியால் வாப்பாவுக்குச் சவரம் செய்தார். கத்தி மயிரை அறுக்கும்போது மெல்லிய ஓசை எழுந்தது. இருபுறமும் குழிவாகச் சாணை பிடித்த கத்திகள் அவ்வாறு பேசும். அந்த ஓசை மாறினால் சாய்வு மாறிவிட்டதென்று பொருளாம். வாப்பா கண்களை மூடிக்கொண்டிருந்தார். சவரம் முடிந்ததும் இடக்கையால் தாமே தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

நாற்காலி

அன்று உள்ளே சென்று ஒரு நாற்காலியை எடுத்து வந்து திண்ணையில் போட்டோம். "உட்காருங்க ஒஸ்தா" என்றோம். நம் வாயிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் "உட்காருங்க" அது. அவர் நம்மைப் பார்க்கவில்லை, வாப்பாவைப் பார்த்தார். வாப்பா இடக்கையை நீட்டி நாற்காலியின் கையை இரண்டு முறை தட்டினார். ஒஸ்தா விளிம்பிலேயே அமர்ந்தார். தேநீரை அவ்வாறே குடித்தார்.

பேரன் தூணருகே நின்றார். அவரைத் தனியே அழைத்து, வகுப்பில் நாம் சொன்ன சொல்லுக்காக வருந்துகிறோம் என்றோம். அவர் தலைகுனிந்தபடி சொன்னார்: "அந்தச் சொல்லு எனக்குப் புதுசு இல்லீங்க ஐயா. நீங்க சொன்னதுதான் புதுசு."

குற்றம் அறுபது பேர் முன்னிலையில் நடந்தது. வருத்தம் ஒரு தூணின் மறைவில் தெரிவிக்கப்பட்டது. அடுத்த வாரம் அவ்வகுப்பில் அதனைச் சொல்லிவிட வேண்டுமென்று நாம் எண்ணியதுண்டு. கரும்பலகைக்கு முன் நின்றதும் துணிவு வரவில்லை. அந்த ஆண்டும் வரவில்லை, அடுத்த ஆண்டும் வரவில்லை. அம்மாணவர் பட்டம் பெற்றுச் சென்றார். 2010இல் வாப்பா காலமானார். 2013இல் ஒஸ்தாவும் காலமானார். அவர் ஜனாஸாவைச் சுமந்தவர்களுள் நாமும் ஒருவர். அது நம் தோளுக்குக் கிடைத்த பேறே ஒழிய, அதனாற் கடன் தீர்ந்ததென்று கொள்ளவில்லை.

அம்மாணவர் இன்று அரசுப் பள்ளியொன்றில் தமிழாசிரியர். இக்கட்டுரையை எழுதலாமா என்று கேட்டபோது, "என் பேர் வேண்டாம் ஐயா. அப்பாவோட தொழிலை நல்லா எழுதுங்க" என்றார். அவர் விருப்பப்படி எழுதியுள்ளோம். அன்று வகுப்பில் சொல்லாததை இன்று இம்மலரில், மாணவர், ஆசிரியர், சமுதாயப் பெரியோர் அனைவர் முன்னிலையிலும் சொல்கிறோம். நாம் சொன்ன சொல் தவறு. அதற்கு நாம் வருந்துகிறோம்.

மாணவ மணிகளே, கத்தியைத் தீட்டுபவர் அதன் வாயை ஒவ்வொரு நாளும் சோதித்துப் பார்க்கிறார். எந்தப் பிசிர் எந்தக் கன்னத்தைக் கிழிக்குமோ என்று அஞ்சுகிறார். மொழியைத் தொழிலாகக் கொண்ட நாம் அந்த அச்சத்தைக் கற்க வேண்டும். மலர்க்குழுவில் சிரிப்பை அடக்கிய தம்பிக்கும் இதுவே நம் விடை. பெரியோர்களே, தொழுகை வரிசையில் நிற்கும் சமத்துவம் திண்ணை வரைக்கும், விருந்துப் பாய் வரைக்கும், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் இடம் வரைக்கும் நடந்து வரவேண்டும். ஊர்தோறும் இன்னும் எத்தனை கீழ்ப்படிகள் உள்ளன என்பதைத் தங்கள் உள்ளங்களே அறியும்.

சோலிங்கன் கத்தி நம்மிடம் உள்ளது. வெள்ளிக்கிழமை காலைகளில் நாமே வாரில் இழுத்து, நம் கன்னங்களை ஒதுக்கிக்கொள்கிறோம். சில வாரம் கத்தி வழுக்கிச் செல்கிறது. சில வாரம் இழுக்கிறது. இழுத்த வாரங்களை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலும் நுரை ஊறுமுன் நாம் அவசரப்பட்ட நாள்களாகவே இருக்கின்றன. எதிரில் அமர்ந்து ஊர்க்கதை சொல்ல இப்போது ஒஸ்தா இல்லை.